கோபோல் இன்னும் தேவையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெயின்பிரேம் (பெரிய நிறுவனங்களின் மையக் கணினி) குழுவில் புதிதாகப் போடப்பட்டவர்கள், பழைய அமைப்பை ஜாவாவுக்கு மாற்றும் பொறுப்பு வந்து சேர்ந்தவர்கள், கல்லூரி முடித்து எந்த மொழியைப் படிப்பது என்று யோசிப்பவர்கள் ஆகியோருக்காக இந்தப் பக்கம். பதில்கள் பெரும்பாலும் ஐபிஎம் மெயின்பிரேமில் ஓடும் கோபோல் என்ற வணிக நிரல் மொழியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நிரலில் வரும் சொற்களை உச்சரிப்புப்படி தமிழில் கொடுத்திருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

1959-இல் தொடங்கிய மொழி இன்றும் எங்கே ஓடுகிறது?

பணமும் பதிவேடும் கோடிக்கணக்கில் நகரும் இடங்களில்: வங்கிக் கணக்கு, காப்பீட்டு பாலிசி, ஓய்வூதியம், வரி. அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் இன்றும் கோபோலை வைத்திருக்கிறது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் வேலையிழந்தவர்கள் உதவித்தொகை கேட்டுக் குவிந்தபோது, நியூஜெர்சி ஆளுநர் பில் மர்ஃபி கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வரும்படி வெளிப்படையாகவே கேட்டார்.

இந்த மொழி நீடித்ததற்கு விதை அதன் பிறப்பிலேயே இருக்கிறது. 1959 மே மாதம் பென்டகனில் நடந்த கூட்டத்தில், எந்தக் கம்பெனியின் இயந்திரத்திலும் ஓடக்கூடிய வணிக மொழி ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். கிரேஸ் ஹாப்பர் உருவாக்கிய ஃப்ளோ-மேட்டிக் என்ற மொழி அதற்கு முக்கிய அடித்தளம். 1960 டிசம்பரில் ஒரே கோபோல் நிரலை ஆர்சிஏ 501, யுனிவாக் II என்ற இரண்டு வேறு இயந்திரங்களில் ஓட்டிக் காட்டினார்கள். இயந்திரம் மாறினாலும் நிரல் நிற்கும் என்ற அந்த வாக்குறுதியை மொழி இன்றுவரை காப்பாற்றி வருகிறது. தரநிலையும் உறைந்துபோகவில்லை: 1968, 1974, 1985, 2002, 2014 என்று வந்து, கடைசியாக 2023-இல் புதுப்பிக்கப்பட்டது.

ஜாவா, பைத்தான் செய்ய முடியாத எதை கோபோல் செய்கிறது?

செய்ய முடியாதது என்று எதுவும் இல்லை. ஆனால் பணக் கணக்கை கோபோல் இயல்பாகச் செய்கிறது; மற்ற மொழிகளில் அதற்குத் தனியாக மெனக்கெட வேண்டும்.

பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள்: 0.30000000000000004 என்று வரும். இரும எண்ணில் 0.1-ஐத் துல்லியமாக எழுத முடியாது என்பதே காரணம். பைத்தானில் டெசிமல் என்ற தொகுதியும் ஜாவாவில் பிக்டெசிமல் என்ற வகையும் இதற்காகவே இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும், எல்லா இடத்திலும் மறக்காமல் பயன்படுத்தவும் வேண்டும். பிக்டெசிமலுக்கு 0.1-ஐ மேற்கோள் குறிக்குள் கொடுக்காமல் எண்ணாகவே கொடுத்தால் அதே பிழை உள்ளே வந்துவிடும். எத்தனை தசம இடம் என்று சொல்லாமல் 10-ஐ 3-ஆல் வகுத்தால் நிரல் பிழை வீசி நின்றுவிடும்.

கோபோலில் ஒரு புலத்தை, அதாவது ஒரு மதிப்பை வைக்கும் இடத்தை, அறிவிக்கும்போதே, ரூபாய்க்கு எத்தனை இலக்கம், பைசாவுக்கு எத்தனை இலக்கம் என்று எழுதித்தான் ஆக வேண்டும். அந்தப் பதின்ம எண்ணை அப்படியே கூட்டிக் கழிக்கும் கட்டளைகள் 1964-இல் வந்த சிஸ்டம்/360 காலத்திலிருந்தே ஐபிஎம் மெயின்பிரேமின் வன்பொருளில் இருக்கின்றன.

'காம்ப்-3' என்று எங்கே பார்த்தாலும் வருகிறதே, அது என்ன?

இதைப் புரிந்துகொண்டால் மெயின்பிரேம் வேலையில் பாதிக் குழப்பம் தீரும். அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

'பிக் எஸ்9(7)வி99 காம்ப்-3' என்று ஒரு புலம் இருக்கிறது. பிக் என்பது புலத்தின் வடிவத்தைச் சொல்லும் சொல். எஸ் என்றால் கூட்டல் கழித்தல் குறி உண்டு. 9(7) என்றால் ஏழு முழு இலக்கம். வி என்பது தசமப் புள்ளி இருக்கும் இடம். அது கோப்பில் எழுதப்படாது, நிரலுக்கு மட்டுமே தெரியும். 99 என்றால் இரண்டு தசம இலக்கம். காம்ப்-3 என்றால் ஒரு பைட்டில் இரண்டு இலக்கமாக அடுக்கு என்று பொருள். கடைசி அரை பைட் குறிக்கு ஒதுக்கப்படும். ஆக ஒன்பது இலக்கமும் ஒரு குறியும் சேர்ந்து பத்து அரை பைட், அதாவது 5 பைட்.

12,345 ரூபாய் 67 பைசா அந்தப் புலத்தில் 00 12 34 56 7சி என்று உட்காரும். கடைசி 'சி' கூட்டல் குறி. கழித்தலாக இருந்தால் அங்கே 'டி' இருக்கும், குறியில்லாத புலம் என்றால் 'எஃப்'. தசமப் புள்ளி எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கோப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இது பன்னிரண்டாயிரமா பன்னிரண்டு லட்சமா என்று யாராலும் சொல்ல முடியாது. அதைச் சொல்வது காபிபுக், அதாவது பதிவின் அமைப்பை விவரிக்கும் பொதுக் கோப்பு. காபிபுக் தொலைந்தால் தரவும் தொலைந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நள்ளிரவு ஜாப் எஸ்0சி7 என்ற பிழையோடு அபெண்ட் ஆகிவிட்டது (பாதியில் நின்றுவிட்டது). எங்கே தொடங்குவது?

எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை என்பதுதான் எஸ்0சி7-க்குப் பொருள். மேலே பார்த்த 5 பைட் புலத்தில் யாரோ வெற்றிடங்களை எழுதிவிட்டார்கள் என்று வையுங்கள். மெயின்பிரேமின் எப்சிடிக் என்ற எழுத்துக் குறியீட்டில் வெற்றிடம் 40 (பதினாறடிமான எண்). புலம் 40 40 40 40 40 ஆகிவிடும். கடைசி அரை பைட்டில் சி, டி, எஃப் எதுவும் இல்லாமல் 0 இருப்பதால் இயந்திரம் கணக்குப் போட மறுக்கிறது.

முதலில் ஜாப் லாகில் நிரலின் பெயரையும், நிரல் நின்ற இடத்தைக் காட்டும் ஆஃப்செட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, நிரலை இயந்திரக் கட்டளையாக்கும் கம்பைலர் தரும் லிஸ்டிங்கில் அந்த ஆஃப்செட் எந்த வரி என்று தேடுங்கள். இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்: கையில் இருக்கும் லிஸ்டிங், ஓடிய லோட் மாட்யூலுக்கு (கம்பைல் ஆன நிரல்) உரியதுதானா என்று கம்பைல் ஆன தேதி, நேரத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வேறு பதிப்பின் லிஸ்டிங் என்றால் சம்பந்தமே இல்லாத வரியில் ஒரு மணி நேரம் போய்விடும்.

வரி கிடைத்ததும் அதில் உள்ள எண் புலங்களைப் பட்டியலிட்டு, உள்ளீட்டுப் பதிவை, மெயின்பிரேமின் திரைக் கருவியான ஐஎஸ்பிஎஃப்-இல் பைட்டுகளை அப்படியே காட்டும் 'ஹெக்ஸ் ஆன்' போட்டுப் பாருங்கள். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். காபிபுக்கில் ஒரு புலம் கூடியிருக்கும், ஆனால் எழுதும் நிரலை மீண்டும் கம்பைல் செய்தவர்கள் படிக்கும் நிரலை விட்டிருப்பார்கள். அல்லது நிரலின் சொந்தப் புலங்கள் இருக்கும் ஒர்க்கிங் ஸ்டோரேஜில் தொடக்க மதிப்பு கொடுக்காத கூட்டல் புலம். அல்லது கோப்பின் தலைப்புப் பதிவையோ முடிவுப் பதிவையோ சாதாரணப் பதிவாக நினைத்துப் படித்தது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். ஜாப் ஓடினால் போதும் என்று அந்தப் புலத்தில் பூஜ்யம் போட்டு ஓட்டிவிடாதீர்கள். அது யாரோ ஒருவரின் இருப்புத் தொகையாக இருக்கலாம். பதிவைத் தனியே எடுத்து வைத்து, எழுதிய நிரல் எது என்று கண்டுபிடித்த பிறகே சரிசெய்ய வேண்டும்.

அபெண்ட் ஆகாமலே தப்பான விடை வருகிறது. ஏன்?

அபெண்டைவிட இது ஆபத்து, ஏனென்றால் யாருக்கும் தெரியாது. 12345-ஐ 'பிக் 9(4)' புலத்துக்கு மூவ் செய்தால் 2345 மட்டும் போய்ச் சேரும். எந்த எச்சரிக்கையும் வராது. கணக்கீட்டு வரிகளில் 'ஆன் சைஸ் எரர்' எழுதினால் தப்பிக்கலாம், மூவுக்கு அந்த வசதி இல்லை. 'ரவுண்டட்' என்று எழுதாவிட்டால் மீதித் தசமங்கள் வெட்டப்படும்.

அடுத்தது 72-ஆம் பத்தி, அதாவது ஒரு வரியில் 72-ஆவது எழுத்து விழும் இடம். பழைய நிலையான வடிவத்தில் 1 முதல் 6 வரை வரிசை எண், 7-இல் நட்சத்திரம் போட்டால் குறிப்புரை, 8 முதல் 72 வரை நிரல். 73-இலிருந்து எழுதியது கம்பைலர் கண்ணில் படாது. 80 பத்தி கொண்ட துளை அட்டைக் காலத்தின் மிச்சம் இது. '1000' என்ற எண்ணின் கடைசிப் பூஜ்யம் 73-இல் விழுந்தால் நிரல் 100 என்றே படிக்கும், சுத்தமாகக் கம்பைலும் ஆகும்.

ஒரு முற்றுப்புள்ளியால் நிரல் கெட்டுப்போகும் என்கிறார்களே?

கெடும். 1985 தரநிலைக்கு முன் 'எண்ட்-இஃப்' கிடையாது. இஃப் எங்கே முடிகிறது என்பதை முற்றுப்புள்ளிதான் சொன்னது. அந்தக் காலத்து நிரலில் இஃப்-க்குக் கீழே மூன்று வரி இருக்க, இரண்டாவது வரியின் முடிவில் தெரியாமல் ஒரு புள்ளி விழுந்தால், மூன்றாவது வரி நிபந்தனை பார்க்காமல் எல்லோருக்கும் ஓடும். வரிகள் உள்தள்ளி அழகாக இருப்பதால் கண் ஏமாந்துவிடும்.

இதற்கு அண்ணன் ஒருவன் இருக்கிறான்: 'நெக்ஸ்ட் சென்டன்ஸ்'. பார்த்தால் 'கண்டின்யூ' போலவே இருக்கும். கண்டின்யூ எதுவும் செய்யாமல் எண்ட்-இஃப்-க்கு அடுத்த வரிக்குப் போகும். நெக்ஸ்ட் சென்டன்ஸ் அடுத்த முற்றுப்புள்ளிக்கு அப்பால் தாவும். பழைய நிரலில் புள்ளிகளை எடுத்துவிட்டு எண்ட்-இஃப் போட்டு நவீனப்படுத்துகிறேன் என்று ஒருவர் இறங்கினால், அந்தத் தாவல் திடீரென்று அந்த நிரல் பாராகிராஃபின் கடைசிவரை நீண்டுவிடும். புள்ளிகளைத் தொடுவதற்கு முன் நெக்ஸ்ட் சென்டன்ஸ் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடிப் பார்ப்பது கட்டாயம்.

முழுவதையும் ஜாவாவுக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

மாற்றலாம், வெற்றியாக மாற்றியவர்களும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கி 2008-இல் தொடங்கி, ஐந்து ஆண்டு பாடுபட்டு, 100 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவழித்து மைய அமைப்பை மாற்றியது. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் புதிய தளத்துக்கு மாறியபோது தரவு சரியாகவே போய்ச் சேர்ந்தது, ஆனால் தளம் தடுமாறியது. சுமார் 19 லட்சம் வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. மொழி எதுவாக இருந்தாலும், ஒரு வங்கியின் அடித்தளத்தை மாற்றுவது இவ்வளவு கனமான வேலை.

கோபோலில் இருந்து வெளியேறும்போது சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவைதான். முதலாவது வட்டிக் கணக்கு. ஒரு லட்ச ரூபாய், 7 சதவீதம், 91 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஜாவாவில் துல்லியமாகப் போட்டு முழுமையாக்கினால் 1,745.21 ரூபாய். ஆனால் பழைய நிரல் முதலில் 91-ஐ 365-ஆல் வகுத்து, நான்கு தசம இடம் கொண்ட புலத்தில் 0.2493 என்று வெட்டி வைத்திருந்தால், விடை 1,745.10. பதினொரு பைசா வித்தியாசம். 'சரியான' விடை எது என்பது கணித வாத்தியார் தீர்க்கும் கேள்வி இல்லை. வாடிக்கையாளருக்குக் கொடுத்த ஒப்பந்தமும் இத்தனை வருடம் அச்சாகி வந்த கணக்கறிக்கையும் தீர்க்கும் கேள்வி. நிரல் எப்படிச் செய்கிறதோ அதை முதலில் எழுத்தில் கொண்டுவந்து, வங்கியின் கணக்குப் பிரிவிடம் ஒப்புதல் வாங்கிய பிறகே புது நிரலை எழுத வேண்டும்.

இரண்டாவது கோப்பு மாற்றம். கோப்பை எழுத்து முறையில் அனுப்பினால் எப்சிடிக் பைட் ஒவ்வொன்றும் மற்ற கணினிகளின் எழுத்துக் குறியீடான ஆஸ்கிக்கு மாற்றப்படும். பெயர், முகவரி நன்றாக வரும். ஆனால் நாம் பார்த்த 7சி என்ற கடைசி பைட் எப்சிடிக்கில் '@' குறி. ஆஸ்கியில் '@' என்பது 40. குறி அழிந்தது, 7 என்ற பைசா இலக்கமும் அழிந்தது. பைனரி முறையில் அனுப்பி, காபிபுக்கை வைத்துப் புலம் புலமாக மாற்றுவதுதான் பாதுகாப்பான வழி.

மூன்றாவது வரிசைப்படுத்தல். எப்சிடிக்கில் எழுத்துகள் முன்னே, எண்கள் பின்னே வரும். ஆஸ்கியில் எண்கள் முன்னே. இரண்டு கோப்புகளை வரிசையாக வைத்து ஒப்பிடும் நிரல், வரிசை மாறினால் பொருந்த வேண்டிய பதிவுகளைப் பொருந்தவில்லை என்று தள்ளிவிடும்.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, வெளியீட்டைப் பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். ஒரு வாரம் ஒத்துப்போனது என்று நிம்மதி அடையக் கூடாது. மாத முடிவு, காலாண்டு முடிவு, ஆண்டு முடிவு மூன்றையும் பார்த்தாக வேண்டும். பிப்ரவரி 29-ஐச் சோதனைத் தேதியாகக் கொடுத்தும் ஓட்ட வேண்டும்.

செயற்கை நுண்ணறிவே மாற்றித் தந்துவிடாதா?

நிரலின் ஒரு பாராகிராஃப் என்ன செய்கிறது என்று விளக்க, எந்த நிரல் எதை அழைக்கிறது என்று வரைய, சோதனைத் தரவுக்கு முன்வரைவு தர இந்தக் கருவிகள் நன்றாகவே உதவுகின்றன. பயன்படுத்துங்கள். ஆனால் நிரலை மட்டும் கொடுத்து முழு நடத்தையையும் எதிர்பார்க்க முடியாது. காபிபுக், ஜேசிஎல் (ஜாபை ஓட்டும் கட்டளைகள்), கம்பைலர் விருப்பங்கள், கோப்பில் உண்மையில் கிடக்கும் தரவு என எல்லாம் சேர்ந்ததுதான் அந்த அமைப்பு. 'ரவுண்டட்' இல்லாததை வெட்டு என்று புரிந்துகொண்டதா, நெக்ஸ்ட் சென்டன்ஸைக் கண்டின்யூவாக மாற்றியதா என்று வரிக்கு வரி பார்க்க கோபோல் தெரிந்த ஆள் தேவை. இந்த ஒரு வேலைக்காகவே இன்று கோபோல் படிப்பது வீண்போகாது என்று நினைக்கிறோம்.

ஈரிலக்க ஆண்டுப் பிரச்சினை 2000-த்தோடு முடிந்துவிட்டதா?

பல இடங்களில் முடியவில்லை, தள்ளிப்போடப்பட்டது. கோப்பில் ஆண்டை நான்கு இலக்கமாக விரிப்பது செலவு என்பதால், ஒரு எல்லையை வைத்து ஊகிக்கும் முறையைப் பலர் கையாண்டார்கள். எல்லை 40 என்றால், 00 முதல் 39 வரை 2000-களில், 40 முதல் 99 வரை 1900-களில். 2026-இல் கொடுத்த 15 வருட வீட்டுக்கடன் 2041-இல் முடியும். அந்த நிரல் அதை 1941 என்று படிக்கும். உங்கள் நிரல்களில் ஈரிலக்க ஆண்டை 30, 40, 50 போன்ற எண்ணுடன் ஒப்பிடும் வரிகள் இருக்கின்றனவா என்று இப்போதே தேடிப் பாருங்கள்.

கம்பைலரைப் புதுப்பித்தால் மட்டும் என்ன ஆகிவிடும்?

ஐபிஎம் கம்பைலரின் 4-ஆம் பதிப்பில் இருந்து 5-க்கோ 6-க்கோ போகும்போது மொழி மாறாது, உருவாகும் இயந்திரக் கட்டளைகள் மாறும். எண் புலத்தில் வெற்றிடம் கிடந்தும் பழைய கட்டளைகளில் பூஜ்யமாகவே ஒப்பிடப்பட்டு வந்த தரவு, புதியதில் பூஜ்யம் இல்லை என்று வரலாம். முதலில் தரவைச் சுத்தம் செய்யுங்கள். அவகாசம் வேண்டுமானால், பழைய நடத்தையைத் தொடர வைக்கும் 'ஜோன்டேட்டா' விருப்பம் இருக்கிறது. சோதனைச் சூழலில் 'எஸ்எஸ்ரேஞ்ச்' போட்டுக் கம்பைல் செய்தால், அட்டவணையின் எல்லை தாண்டும் வரிகளும் பிடிபடும்.

மெயின்பிரேம் இல்லாமல் வீட்டிலேயே கற்க முடியுமா?

முடியும், இலவசமாகவே. உபுண்டு லினக்ஸில் ஆப்ட் கட்டளை மூலம் க்னுகோபோல் என்ற தொகுப்பை நிறுவுங்கள். கம்பைலரின் பெயர் சி-ஓ-பி-சி என்ற நான்கு எழுத்து. அதனுடன் '-எக்ஸ்' என்று கொடுத்து நிரல் கோப்பின் பெயரைத் தந்தால் ஓடக்கூடிய கோப்பு கிடைக்கும். முதல் நாளே எல்லோரும் முட்டும் சுவர் ஒன்று உண்டு: முதல் பத்தியிலிருந்து எழுதினால் வரிசையாகப் பிழைகள் கொட்டும். டிவிஷன் (நிரலின் பெரும் பிரிவு) பெயர்களை 8-ஆம் பத்தியிலும், கட்டளைகளை 12-ஆம் பத்தியிலும் தொடங்குங்கள். அல்லது '-ஃப்ரீ' என்று சேர்த்து அந்தக் கட்டுப்பாட்டை நீக்கலாம். வேலைக்காகப் படிப்பவர் பத்தி முறையிலேயே பழகட்டும், நாளை கைக்கு வரும் நிரல் அப்படித்தான் இருக்கும்.

ஜாவா தெரிந்தவருக்கு இலக்கணம் இரண்டு வாரத்தில் பிடிபடும். அதன்பின் 45 பைட் பதிவு ஒன்றை வடிவமையுங்கள்: கணக்கு எண் 10, பெயர் 30, இருப்பு காம்ப்-3-இல் 5. நூறு பதிவு எழுதி, வரிசைப்படுத்தி, வட்டி சேர்த்து, அறிக்கை அச்சிடுங்கள். பிறகு வேண்டுமென்றே ஒரு பதிவின் இருப்பில் வெற்றிடத்தைப் போட்டு, என்ன நடக்கிறது என்று பாருங்கள். மெயின்பிரேம் போல அபெண்ட் ஆகாமல் போகலாம், அந்த வித்தியாசத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜேசிஎல், விசாம் (கோப்பு முறை), சிக்ஸ் (உடனடிப் பரிவர்த்தனை), டிபி2 (தரவுத்தளம்) ஆகியவை மெயின்பிரேமைத் தொடாமல் கைவராது. அதற்கு ஐபிஎம்-இன் இசட் எக்ஸ்ப்ளோர் தளத்தில் பதிவு செய்தால் உண்மையான மெயின்பிரேமில் பயிற்சி செய்யலாம். விஎஸ் கோட் எடிட்டரிலேயே வேலை செய்ய ஜோவி எக்ஸ்ப்ளோரர் நீட்சி இருக்கிறது; மெயின்பிரேமின் பழைய பச்சைத் திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

சென்னையில் இதற்கு வேலை உண்டா? இது ஒன்றை மட்டும் படித்தால் போதுமா?

உண்டு. அமெரிக்க வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்களின் மெயின்பிரேம் பராமரிப்பு சென்னையிலும் பெங்களூரிலும் பெரிய அளவில் நடக்கிறது. நேரமும் இதற்குத் தோதாக அமைந்தது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 10 மணிக்குத் தொடங்கும் பேட்ச் (மொத்தமாக ஓடும் ஜாப்கள்), நமக்குக் கோடையில் காலை 7.30, குளிர்காலத்தில் 8.30. அவர்களின் இரவு ஓட்டத்தை நம்மவர்கள் பகலில் கண்காணிக்கிறார்கள்.

இதை மட்டும் படிப்பது போதாது. கோபோலோடு தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல் கட்டாயம். ஜாவா அல்லது பைத்தான் ஒன்று கைவசம் இருக்கட்டும், ஏனென்றால் இன்றைய மெயின்பிரேம் நிரல் தனித்தீவாக இல்லை. கைபேசிச் செயலிக்கு ஜேசன் என்ற வடிவத்தில் தரவு கொடுப்பதும் அதன் வேலை. 'ஜேசன் ஜெனரேட்' என்ற கட்டளை கோபோலுக்குள்ளேயே வந்துவிட்டது. இரு பக்கமும் தெரிந்தவரைத்தான் மாற்றத் திட்டங்களுக்குத் தேடுகிறார்கள்.

புதிதாக ஓர் அமைப்பை இன்று கோபோலில் தொடங்கலாமா?

வேண்டாம். ஏற்கெனவே மெயின்பிரேமில் இருக்கும் கோப்புகளையும் காபிபுக்குகளையும் வைத்து இன்னொரு பேட்ச் நிரல் எழுத வேண்டும் என்றால் மட்டும் கோபோலிலேயே எழுதுங்கள். அதற்காக ஜாவாவில் ஒரு தனிப் பாதை போட்டால், காபிபுக் மாறும் ஒவ்வொரு முறையும் இரண்டு இடத்தில் திருத்த வேண்டியிருக்கும், ஒரு நாள் ஒன்றை மறந்துவிடுவார்கள்.